லினக்ஸ் மின்ட் போட்டாச்சு, ஆனால் ஏதோ ஒன்று ஓடவில்லை: கோளாறைப் பார்த்து வழி தேடுவது எப்படி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் செயலியாக இருந்தால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அதனால் 2015, 2016 வாக்கில் வாங்கிய, திரையும் கீபோர்டும் இன்னும் நன்றாகவே இருக்கிற லேப்டாப்கள் வீட்டுக்கு வீடு அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எனக்கு அதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தவர்கள், நண்பர்கள் என்று பத்துப் பன்னிரண்டு கணினிகளில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். போடுவதற்கு அரை மணி நேரம்தான் ஆகும். அதற்குப் பிறகு வரும் போன் அழைப்புகளில் திரும்பத் திரும்பக் கேட்ட கோளாறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மின்ட் 22 என்பது 2024 ஜூலையில் வந்தது, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பின் மேல் கட்டியது, 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். 8 ஜிபி ராம் இருந்தால் சின்னமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. வேறு லினக்ஸ் வைத்திருந்தாலும் கீழே உள்ளதில் முக்கால்வாசி பொருந்தும், மெனுக்களின் பெயர்தான் மாறும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு சோதனை. மின்ட் இருக்கிற பென்டிரைவைச் செருகி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை ஓட்டிப் பாருங்கள். அதிலும் அதே கோளாறு இருந்தால் பிரச்சினை கணினியின் உறுப்பிலோ, அதை இயக்கும் சிறு மென்பொருளான டிரைவரிலோ இருக்கிறது. அதில் சரியாக ஓடுகிறது, நிறுவியதில் மட்டும் ஓடவில்லை என்றால் நாம் ஏதோ அமைப்பை மாற்றியிருக்கிறோம், அல்லது பக்கத்தில் இருக்கும் விண்டோஸ் குறுக்கே வருகிறது. இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றிவிட்டு எது சரி செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் கடைசியில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவியவர்கள் நிறையப் பேர்.

பென்டிரைவ் போட்டேன், நேராக விண்டோஸ்தான் வருகிறது

முதலில் பென்டிரைவை எப்படித் தயார் செய்தீர்கள் என்று பாருங்கள். இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே இழுத்துப் பென்டிரைவில் போட்டிருந்தால் அது வெறும் ஒரு கோப்பு, அதிலிருந்து கணினி கிளம்பாது. எட்சர் அல்லது ரூஃபஸ் போன்ற மென்பொருளால் எழுத வேண்டும். எழுதும்போது பென்டிரைவில் இருக்கும் படங்கள், பாட்டு எல்லாம் போய்விடும், முன்னாடியே எடுத்து வையுங்கள். எழுதி முடித்ததும் விண்டோஸ் சில நேரம் "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா" என்று கேட்கும். ரத்து செய்யுங்கள். ஆம் என்று அழுத்தினால் எழுதியது அழிந்துவிடும்.

பென்டிரைவ் சரி என்றால் அடுத்தது பூட் விசை. கணினியை முழுதாக அணைத்து, போட்ட நொடியிலிருந்து விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஆசஸ் என்றால் எஸ்கேப் அல்லது எஃப்8. ஏசரில் எஃப்12 மெனுவை முதலில் பயாஸுக்குள் (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) போய் இயக்க வேண்டியிருக்கலாம்.

எழுத்து ஓடியது, லோகோ வந்தது, அப்புறம் கறுப்புத் திரை

என்விடியா கிராபிக்ஸ் இருக்கும் லேப்டாப்களில் அடிக்கடி வருவது இது. பென்டிரைவின் முதல் மெனுவில் இரண்டாவதாக "கம்பேட்டிபிலிட்டி மோட்" என்று இருக்கும், அதில் போங்கள். திரை கொஞ்சம் மங்கலாக, அசைவு மெதுவாக இருக்கும், பரவாயில்லை, நிறுவி முடியுங்கள். நிறுவிய பின் முதல் முறை கிளம்பும்போதும் கறுப்புத் திரை வரும், ஏனென்றால் சரியான டிரைவர் இன்னும் வரவில்லை. கணினி கிளம்பும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால், எதில் கிளம்ப வேண்டும் என்று கேட்கும் குரப் மெனு வரும், பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ரெக்கவரி மோட், அதற்குள் ரெஸ்யூம். உள்ளே போனதும் டிரைவர் மேனேஜரைத் திறந்து "ரெக்கமெண்டட்" என்று போட்டிருக்கும் என்விடியா டிரைவரைத் தேர்ந்து மறுதொடக்கம் செய்யுங்கள்.

இங்கே இன்னொன்று. நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் கிளம்ப விடும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால், டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த முறை கிளம்பும்போது ஒரு நீலத் திரை வந்து "என்ரோல் எம்ஓகே" என்று நிற்கும். பலர் இதைப் பார்த்துப் பயந்து "கன்டினியூ பூட்" அழுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் டிரைவர் ஏற்றப்படாது, மறுபடி கறுப்புத் திரைதான். என்ரோல் என்பதைத் தேர்ந்து நீங்கள் கொடுத்த அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள்.

நிறுவும்போது என் டிஸ்க்கே தெரியவில்லை

"இந்தக் கணினி இன்டெல் ஆர்எஸ்டி பயன்படுத்துகிறது" என்று சொல்லி நின்றுவிடும், அல்லது டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கும். பயாஸில் சேமிப்பகம் ரெய்ட் அல்லது ஆர்எஸ்டி முறையில் இருக்கிறது, அதை ஏஎச்சிஐ ஆக்க வேண்டும். ஆனால் அவசரப்பட்டு நேராக மாற்றிவிடாதீர்கள். விண்டோஸை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அது நீலத் திரை காட்டிக் கிளம்பாமல் போகும். வரிசை இது: விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து சேஃப் பூட்டைத் தேர்ந்து மறுதொடக்கம், உடனே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ, அப்புறம் விண்டோஸ் சேஃப் மோடில் ஒரு முறை கிளம்பட்டும், அங்கே சேஃப் பூட்டை நீக்கிவிட்டு மறுபடி மறுதொடக்கம். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம். கணக்கின் உண்மையான கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது டிஸ்க்கையே பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். பயாஸில் எதை மாற்றினாலும் விண்டோஸ் அடுத்த முறை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். பிட்லாக்கரைத் தாங்கள் இயக்கவே இல்லை என்று சத்தியம் செய்பவர்களின் கணினியிலும் அது இருந்தது, ஏனென்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்ததும் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கிவிடும் மாடல்கள் உண்டு. பயாஸைத் தொடுவதற்கு முன் அந்தக் கணக்கில் போய் மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். போனில் படம் எடுத்து வைத்தாலும் சரி. அந்த எண் இல்லாமல் உள்ளே இருக்கும் படங்களையும் கோப்புகளையும் யாராலும் எடுத்துத் தர முடியாது.

நிறுவியாச்சு, ஆனாலும் விண்டோஸ்தான் கிளம்புகிறது

பயாஸின் பூட் வரிசையில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" முதலில் இருக்கும், "உபுண்டு" என்பதை மேலே கொண்டுவாருங்கள். ஆமாம், மின்ட் நிறுவினாலும் அங்கே உபுண்டு என்றுதான் பெயர் வரும். அந்தப் பெயரே பட்டியலில் இல்லையென்றால் பென்டிரைவிலிருந்து கிளம்பி, மெனுவில் பூட் ரிப்பேர் என்று தேடித் திறந்து, பரிந்துரைத்த பழுதுபார்ப்பைக் கொடுங்கள்.

நேற்று வரை லினக்ஸ் வந்துகொண்டிருந்தது, இன்று திடீரென்று "ஷிம்", "எஸ்பாட்" என்ற சொற்களோடு ஒரு பிழைச் செய்தி வந்து கணினி அணைந்துவிடுகிறது என்றால், அது 2024 ஆகஸ்ட் விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு பல நாடுகளில் நடந்த அதே கதை. பழைய துவக்கக் கோப்புகளை செக்யூர் பூட் ஏற்க மறுக்கிறது. பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, மின்ட்டுக்குள் போய் எல்லாப் புதுப்பிப்புகளையும் போட்டுவிட்டு மறுபடி இயக்குங்கள். உங்கள் கோப்புகள் எதுவும் போகவில்லை.

விண்டோஸுக்குப் போனால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது

எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா ஒருநாள் மத்தியானம் போன் செய்தார். "தம்பி, மணி மூணு ஆகுது, இதுல ஒன்பதரைன்னு காட்டுது, பேட்டரி போயிடுச்சா?" என்றார். போர்டில் இருக்கும் அந்தச் சின்ன நாணய பேட்டரியை மாற்றக் கடைக்குக் கொண்டுபோகத் தயாராகிவிட்டிருந்தார். மூன்றிலிருந்து ஒன்பதரையைக் கழித்தால் சரியாக ஐந்தரை மணி நேரம் வருகிறது, அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. பேட்டரி போயிருந்தால் வருடமே மாறி 2000-த்துக்கோ 2015-க்கோ போயிருக்கும்.

கணினிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. லினக்ஸ் அதில் கிரீன்விச் நேரத்தை எழுதும், இந்திய நேரத்துக்கு மாற்றித் திரையில் காட்டும். விண்டோஸோ அதில் இருப்பதை உள்ளூர் நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். இந்தியாவிலும் இலங்கையிலும் வித்தியாசம் ஐந்தரை மணி, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எட்டு மணி. உடனடியாகச் சரிசெய்ய விண்டோஸ் அமைப்புகளில் தேதி, நேரம் பக்கத்தில் "சிங்க் நவ்" அழுத்தினால் போதும். நிரந்தரமாக வேண்டும் என்றால் லினக்ஸையும் உள்ளூர் நேரம் எழுதச் சொல்லிவிடலாம், டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையில் செட்-லோக்கல்-ஆர்டிசி என்ற விருப்பத்தை 1 ஆக்கினால் ஆயிற்று. இதைச் செய்யாதீர்கள் என்று லினக்ஸ் எச்சரிக்கை காட்டும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் நகர்த்தும் நாடுகளில் அதனால் குழப்பம் வரும் என்பதுதான் அதற்கு முக்கியக் காரணம். நமக்கு அந்த வழக்கம் இல்லை, தாராளமாகச் செய்யலாம்.

டி டிரைவ் திறக்கிறது, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும், டிஸ்க்கையும் விடாது. அந்த நிலையில் எழுதினால் கோப்புகள் கெட்டுவிடும் என்று மின்ட் படிக்க மட்டும் அனுமதிக்கிறது, அது நம்மைக் காப்பாற்றுவதற்காகத்தான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிட்டு ஒரு முறை அணைத்துப் போடுங்கள். அவசரத்துக்கு, விண்டோஸில் ரீஸ்டார்ட் கொடுத்து மின்ட்டுக்கு வந்தாலும் போதும், ரீஸ்டார்ட் மட்டும் முழுதாக அணைத்துப் போடும்.

வைஃபை காட்டவே இல்லை

சில வைஃபை அட்டைகள் விண்டோஸின் அந்தப் பாதித் தூக்கத்தால்கூட எழுந்திருக்காமல் கிடக்கும், அதனால் மேலே சொன்னதை முதலில் செய்யுங்கள். அடுத்து, ஏரோப்ளேன் படம் போட்ட விசை தவறுதலாக அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டும் இல்லையென்றால் டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையம்தான் இல்லை. இங்கே போன் கை கொடுக்கும். சார்ஜர் கேபிளால் போனைக் கணினியோடு இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். கணினி அதை வயர் இணைப்பு என்று எடுத்துக்கொள்ளும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதையே வாங்கிக் கொடுக்கும், டேட்டாவும் செலவாகாது. அப்புறம் டிரைவர் மேனேஜர். பிராட்காம் அட்டை என்றால் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும், நிறுவிய பென்டிரைவைச் செருகினால் அதிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். புதிய ரியல்டெக் அட்டை என்றால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பழையதாக இருக்கலாம், அப்டேட் மேனேஜரில் வியூ மெனுவுக்குள் லினக்ஸ் கெர்னல்ஸ் போய்ப் புதியதைப் போட்டுப் பாருங்கள்.

தமிழில் தட்டச்சு செய்தால் புள்ளி வரவில்லை, வேறு ஏதோ வருகிறது

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். லினக்ஸில் தமிழ் சரியாக வராது என்று பலர் இந்த இடத்தில்தான் முடிவுகட்டித் திரும்பிப் போகிறார்கள். உண்மையில் நன்றாகவே வருகிறது, தவறான கதவைத் திறந்துவிடுகிறோம்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர், தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் பார்க்காமலேயே அடிப்பவர். அவருக்கு மின்ட் போட்டுக் கொடுத்து, கீபோர்டு அமைப்பில் தமிழ் லேஅவுட்டைச் சேர்த்துவிட்டு வந்தேன். மறுநாள் "அம்மா என்று கூட வரவில்லையே" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அ, ம, ம, ஆ என்று நான்கு விசை, அவர் விரல் பழகிய வரிசை. திரையில் இரண்டு மகரமும் புள்ளியில்லாமல் நின்றன. தமிழ்99-இல் ஒரே மெய்யை அடுத்தடுத்து அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழ வேண்டும், ங-வுக்குப் பின் க அடித்தாலும், ந-வுக்குப் பின் த அடித்தாலும் அப்படியே. இந்த விதிகளோடு சேர்ந்ததுதான் தமிழ்99. கீபோர்டு அமைப்பில் இருக்கும் லேஅவுட் எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதை மட்டும் தெரிந்துவைத்திருக்கிறது, விதிகள் அதற்குத் தெரியாது. அதே பட்டியலில் டேப், டிஎஸ்சிஐஐ குறியாக்கம் என்று இரண்டு இருக்கும், அவற்றைத் தேர்ந்தால் தமிழே வராது, அவை இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு முந்தைய காலத்தின் மிச்சம்.

சரியான கதவு ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்பதை நிறுவுங்கள். மெனுவில் இன்புட் மெத்தட் என்று தேடித் திறந்து ஐபஸைத் தேர்ந்து, ஒரு முறை வெளியேறி உள்ளே வாருங்கள், இந்தப் படியைச் செய்யாமல் விட்டால் சில செயலிகளில் தமிழ் வராமல் போகலாம். அப்புறம் ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஃபொனெட்டிக், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர், இலங்கையில் பழகிய ரெங்கநாதன் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். வேண்டியதை மட்டும் எடுங்கள். மாற்றுவதற்குப் பொதுவாக விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். பழைய தமிழ் லேஅவுட்டை கீபோர்டு அமைப்பிலிருந்து எடுத்துவிட்டு அங்கே ஆங்கிலத்தை மட்டும் வையுங்கள், இரண்டும் சேர்ந்து இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆசிரியை அம்மா மறுபடி அந்த நான்கு விசையை அடித்தார். "அம்மா" என்று வந்தது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர் நிமிரவில்லை, பேத்திக்கு ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டுத்தான் எனக்குக் காபி கொடுத்தார்.

விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் பழகியவர்கள் அதையே இங்கே தேட வேண்டாம், லினக்ஸில் அது கிடையாது. பழகிய முறை ஐபஸ் பட்டியலில் இருக்கும்.

எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் வருகிறதா? டைப்ரைட்டர் பழக்கத்தில் கொம்பை முதலில் அடித்திருப்பீர்கள். யூனிகோடில் கொம்பு திரையில் முன்னால் தெரிந்தாலும் சேமிப்பில் மெய்க்குப் பின்னால்தான் வர வேண்டும்.

பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது

தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி தெரிந்தால் அந்தக் கோப்பு பாமினி எழுத்துருவில் அடித்தது. கோப்பு கெடவில்லை. அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டு எழுதினோம், முகமூடி இந்தக் கணினியில் இல்லை, அவ்வளவுதான். வானவில், செந்தமிழ் போன்றவற்றில் அடித்த கோப்புகளுக்கும் இதே நிலைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் குறியாக்கம் வேறு.

படித்தால் போதும் என்றால் பழைய கணினியின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்துவந்து இரண்டு முறை கிளிக் செய்து நிறுவுங்கள், லிப்ரே ஆபிஸை மூடித் திறந்தால் தமிழ் தெரியும். ஆனால் நான் சொல்வது, முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள் என்பதே. குடும்ப வரலாறு, ஊர்க் கோயில் கணக்கு, கவிதை நோட்டு என்று எத்தனையோ அந்தப் பழைய எழுத்துருக்களுக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன, இன்னும் பத்து வருடத்தில் அந்த எழுத்துருவைத் தேடினாலும் கிடைக்காது. இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன. முழுக் கோப்பையும் அப்படியே ஒட்டினால் நடுவில் வரும் ஆங்கிலப் பெயர்களும் தமிழாக உடைந்துவிடும், அதனால் லிப்ரே ஆபிஸில் தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, ஃபார்மட் பொத்தானில் பாமினியைத் தேர்ந்து எல்லாவற்றையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்த எழுத்துருவில் இருப்பது மட்டும் தேர்வாகும், எந்தப் பகுதியை மாற்ற வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும்.

வேர்டில் அடித்த பக்கம் இங்கே வேறு மாதிரி உடைகிறது

எழுத்துரு இல்லாததால் வருவது. லதா, நிர்மலா யுஐ, காலிப்ரி எல்லாம் விண்டோஸோடு வருபவை, மின்ட்டில் இருக்காது. காலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலாடியா என்று அதே அகலத்தில் செய்த எழுத்துருக்கள் உண்டு, நிறுவினால் ஆங்கிலப் பக்கங்கள் வரிக்கு வரி பொருந்தும். லதாவுக்கு அப்படி ஒன்று இல்லை. தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழை வைத்துக்கொண்டு, பக்க அமைப்பு மாறக் கூடாத கோப்பைப் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்.

லிப்ரே ஆபிஸில் ஸ்டைலில் எழுத்தின் அளவை மாற்றினாலும் தமிழ் மட்டும் அசையவில்லை என்பார்கள். அது தமிழை வேறு வகை எழுத்தாக, ஆங்கிலத்துக்குத் தனி அமைப்பு, தமிழுக்குத் தனி அமைப்பு என்று வைத்திருக்கிறது. ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கி மொழியைத் தமிழ் ஆக்குங்கள், அப்புறம் ஸ்டைல் பெட்டியில் தமிழுக்கான எழுத்துருவும் அளவும் தனியாகத் தெரியும்.

பிரிண்டர்

வைஃபை உள்ள புதிய பிரிண்டர் என்றால் பெரும்பாலும் எதுவும் செய்யாமலே தெரியும். எச்பி என்றால் எச்பிலிப் என்ற தொகுப்பு ஏற்கெனவே இருக்கும், சில லேசர் மாடல்களுக்கு மட்டும் கூடுதல் ப்ளக்இன் கேட்கும். ஜெராக்ஸ் கடைகளில் நிறையப் பார்க்கும் கேனான் எல்பிபி 2900 போன்றவை கேப்ட் என்ற தனி மொழியில் பேசுபவை, அவற்றுக்குத் தனியாக டிரைவர் வேண்டும், அதை ஓட வைப்பது பொறுமையைக் கேட்கும் வேலை. தினமும் அச்செடுக்கிற கடை என்றால் நிறுவுவதற்கு முன்பே பென்டிரைவில் ஓட்டி ஒரு பக்கம் அச்செடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் அந்த ஒரு கணினியை விட்டுவிடுங்கள்.

அழைப்பு வந்ததும் புளூடூத் ஹெட்செட்டில் சத்தம் தகரம் மாதிரி ஆகிறது

மைக் இயங்கியதும் ஹெட்செட் பாட்டு முறையிலிருந்து பேச்சு முறைக்கு மாறிவிடுகிறது. பேச லேப்டாப்பின் மைக்கையே தேர்ந்து, சவுண்ட் அமைப்பில் ஹெட்செட்டின் ப்ரொஃபைலை ஏ2டிபி என்ற பாட்டு முறையில் வையுங்கள், கேட்பது தெளிவாக இருக்கும்.

லினக்ஸ் போட்டும் மெதுவாகத்தான் இருக்கிறது

சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் எந்த இயங்குதளம் போட்டாலும் மெதுவாகத்தான் இருக்கும். ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள், நான் பார்த்த எல்லாக் கணினிகளிலும் அதைவிடப் பெரிய மாற்றத்தை வேறு எதுவும் கொடுத்ததில்லை. பழைய டிஸ்க்கிலேயே ஓட்டுவதாக இருந்தால் டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஸ்மார்ட் தகவலைத் திறந்து ரீஅலொகேட்டட் செக்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். அந்த எண் வாரா வாரம் ஏறினால் டிஸ்க் சாகப்போகிறது, அன்றைக்கே கோப்புகளை வெளியே எடுங்கள். 4 ஜிபி ராமில் பிரவுசரில் இருபது டேப் திறந்து வைத்தால் எக்ஸ்எஃப்சிஇ-யும் திணறும்.

எனக்கு வேண்டிய மென்பொருளே இல்லை

இதைச் சரிசெய்யும் கோளாறாக நான் நினைக்கவில்லை, முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்வி. டேலிக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. மேக்ரோ நிறைந்த எக்ஸெல் தாள்கள் லிப்ரே ஆபிஸில் பாதியில் நிற்கும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்து தினமும் தாக்கல் செய்பவர், ஃபோட்டோஷாப்பிலும் கோரல் டிராவிலும் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர், இவர்களிடம் மாறுங்கள் என்று நான் சொல்வதில்லை. இங்க்ஸ்கேப்பும் கிரிட்டாவும் உண்மையிலேயே நல்ல மென்பொருள்கள், புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் பத்து வருடம் ஒன்றில் பழகிய கைக்கு முகூர்த்த மாதத்தில் இன்னொன்றைக் கொடுக்கக் கூடாது. பிரவுசர், வாட்ஸ்அப் வெப், கடிதம், பாடம், படம், பாட்டு என்று இருப்பவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபிஸ், விஎல்சி மூன்றே போதும். கட்டணப் படத் தளங்கள் ஓடவில்லையென்றால் ஃபயர்ஃபாக்ஸ் அமைப்பில் டிஆர்எம் உள்ளடக்கத்தை இயக்கும் டிக்கைப் பாருங்கள். வேர்டு கோப்புகளே வந்துகொண்டிருக்கும் என்றால் ஒன்லிஆபிஸையும் போட்டுவையுங்கள்.

நேற்று நன்றாக இருந்தது, புதுப்பித்த பிறகு கெட்டுவிட்டது

முதலில் குரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் முந்தைய கெர்னலில் கிளம்பிப் பாருங்கள். அதில் சரியாக ஓடினால் கோளாறு புதிய கெர்னலில், அடுத்தது வரும் வரை பழையதிலேயே இருக்கலாம்.

அதிலும் ஓடவில்லையென்றால் டைம்ஷிஃப்ட். மின்ட்டோடு வரும் இந்தச் செயலி கணினியின் அமைப்பை அவ்வப்போது படம்பிடித்து வைக்கும். கெட்டுப்போனால் கெடுவதற்கு முந்தைய நாளைத் தேர்ந்து மீட்டுவிடலாம், கணினி கிளம்பவே மாட்டேன் என்றாலும் பென்டிரைவிலிருந்து டைம்ஷிஃப்ட்டைத் திறந்து செய்யலாம். ஆனால் அது தானாக இயங்காது, நாம்தான் ஒரு முறை திறந்து அட்டவணை போட வேண்டும். நிறுவிய அன்றே, வைஃபையும் தமிழும் பிரிண்டரும் சரியானதும், முதல் படத்தை எடுங்கள். வாரத்துக்கு ஒன்று, இரண்டை மட்டும் வைத்துக்கொள் என்று அமைத்தால் இடமும் அடைக்காது. உங்கள் சொந்தக் கோப்புகளை அது சேமிப்பதில்லை, படங்களுக்கும் கடிதங்களுக்கும் தனியாக ஒரு வெளி டிஸ்க்கில் நகல் இருக்க வேண்டும்.